ஆபீசர் வரும் நாளுக்கான துணி

சின்னாளப்பட்டிக்கு வெளியே ஒரு சாயப்பட்டறை. அங்கே கழிவுநீரைச் சுத்தம் பண்ணுகிற வேலை சொர்ணலட்சுமிக்கு. சாயத்தண்ணீரில் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுக் கலக்கினால் அழுக்கெல்லாம் சேறாகத் திரளும். அதை ஃபில்டர் பிரஸ்ஸுக்குள் தள்ளி அழுத்தினால், பலகைகள் மேல் போர்த்திய துணி சேற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் வெளியே விடும். துணி நன்றாக இருந்தால்! இந்தப் பட்டறையில் நல்ல துணி பீரோவில் தூங்கும், கல்யாணப் பட்டுச்சேலை மாதிரி. சோதனைக்கு அதிகாரி வருகிற அன்றுதான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் ஓட்டை விழுந்த பழசுதான். அதில் பாதிச் சேறு ஒழுகி ஓடைக்குப் போகும். ஓடையோரம்தான் சொர்ணலட்சுமியின் கனகாம்பரக் காடும் கிணறும். கிணற்றுத் தண்ணீர் கறுத்துப்போய், பாதிச் செடி வேரோடு அழுகிவிட்டது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்று அதிகாரி வந்தார். தெளிந்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். கார் தெரு முனை திரும்பவில்லை, மேனேஜர் ராஜ்கமல் வந்து நின்றான்.

"சொர்ணக்கா, புதுசக் கழட்டி அலசிக் காயப்போடுங்க. பழசையே மாட்டிருங்க."

"இருக்கட்டும் சார். நல்லாத்தான ஓடுது?"

"ஓடி ஓடித் தேஞ்சு போச்சுன்னா? அடுத்த தடவ ஆபீசர் வந்தா எதக் காட்டுறது?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீசர் கண்ணுக்கு நல்ல தண்ணி, எங்க கிணத்துக்குச் சேறா? எவ்வளவு துணிச்சல் இருந்தால் மூஞ்சிக்கு நேராக இதைச் சொல்வான்!

உள்ளே போனாள். பழைய துணிகளைக் கட்டி வைத்திருந்த சாக்கைக் கவிழ்த்தாள். நூல்கட்டு வெட்டும் பெரிய கத்தரியை எடுத்து, ஒவ்வொரு துணியையும் குறுக்கும் நெடுக்குமாக நறுக்கினாள். கை வலித்தது. நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டு ராஜ்கமல் ஓடி வந்தான். "ஏக்கா, பைத்தியமா உங்களுக்கு? பொங்கல் ஆர்டர் அம்புட்டும் நிக்குது!"

"நிக்க வேணாம். புதுசு மிஷின்லதான் கெடக்கு, ஓட்டுங்க."

"வேலய விட்டுத் தூக்கிருவேன்!"

"தூக்குப்பா," என்றாள். இத்தனை வருஷமாக வாயில் இருந்த சார் அப்போது வரவில்லை. "நான் போறேன். ஆனா துணியக் கழட்டுனா உன் பட்டற ஓடாது, பாத்துக்க."

ராஜ்கமல் துண்டுகளைப் பார்த்தான், இயந்திரத்தைப் பார்த்தான். தொட்டியில் சாயத்தண்ணீர் விளிம்புவரை ஏறியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவனே போய்ப் பம்பைப் போட்டான். புதுத் துணி வழியாகத் தண்ணீர் தெளிவாக வந்தது.