தோற்றவர் தண்ணீர் தெளிக்க வேண்டும்

மகளின் பிரசவத்துக்காகத் தூத்துக்குடியில் இரண்டு மாதம் இருந்துவிட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்பிய அன்று சாயங்காலமே மன்றத்துக்குப் போய்விட்டேன். பேத்தியை விட்டு வந்த வருத்தம் இருக்கத்தான் செய்தது. ஆனால் சந்தனமேரி அக்காவை வளையப்பந்தில் தோற்கடிக்கக் கை துறுதுறுவென்றிருந்தது.

எங்கள் மனமகிழ் மன்றம் ஒன்றும் பெரிய இடமில்லை. கேரம் ஆட ஓர் அறை, ஒரு தகரக் கொட்டகை, அதன் பின்னால் பெண்கள் வலைக்கு மேலே ரப்பர் வளையத்தை வீசிப் பிடித்து வளையப்பந்து ஆடும் மைதானம். மைதானம் என்று சொல்வதே பெரிய பேச்சு. கரிசல் மண். கோடையில் வெடிப்பில் கால் மாட்டும். மழை பெய்தால் செருப்பு காலோடு வராது. வளையம் கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று எவளும் தடம் காட்ட முடியாது. இருபது வருஷமாக நானும் மேரியக்காவும் அதில்தான் ஆடினோம், அதில்தான் சண்டை போட்டோம்.

அன்று போனால் கரிசலைக் காணோம். செம்மண் கொட்டி, உருளை ஓட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். எல்லாம் மேரியக்கா செலவு. நாகலாபுரம் பக்கத்தில் அவளுக்கு அப்பா வழியில் வந்த துண்டு நிலத்தை விற்று மண் அடித்துக் கொடுத்திருக்கிறாள். கொட்டகைச் சுவரில் அவள் பெயரைக் கல்லில் வெட்டிப் பதித்திருந்தார்கள். பக்கத்தில் அவளுக்கென்றே ஒரு குஷன் நாற்காலி. பல் பிடுங்க வந்தவள் மாதிரி அதில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு என்னட்டி? நல்லாத்தான் இருக்கு. நீ போனதுல இருந்து நான் ஒரு ஆட்டம்கூடத் தோக்கல."

நான் சிரித்துவிட்டேன். இடது பக்க ஓரத்தில் வருகிற வளையம் அக்காவுக்கு என்றைக்கும் பிடிபடாது. வாரத்தில் பாதி நாள் தோற்பாள்.

"சிரிக்காத ரூபி. என்னையத் தோக்க விட மாட்டேங்காவ. கையில கொண்டாந்து வைக்கிற மாதிரி போடுதாவ. நான் தவற விட்டா, காத்து தள்ளிட்டுன்னு திரும்பவும் போடுதாவ. உக்காந்து பாக்கவா மண்ணு அடிச்சேன்? ஆடத்தானட்டி அடிச்சேன்."

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆட்டத்தில் தோற்றவர்தான் மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டம்மா ஆனாலும் சரி, அங்கே வேலை பார்ப்பவள் ஆனாலும் சரி, வாளியைத் தூக்கியாக வேண்டும். இந்த இரண்டு மாதமாக அக்கா கைக்கு வாளியே போகவில்லை. அதை நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எந்திரிங்கக்கா. கடைசி ஆட்டம் நாம ரெண்டு பேரும்" என்றேன்.

மன்றத்துச் செயலாளர் காசிராஜன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏம்மா, பாத்து ஆடுங்க. மன்றத்துக்கு எவ்வளவு செஞ்சிருக்காவ. விட்டுக் குடுத்தா நமக்கு என்ன கொறஞ்சிரப் போவுது?"

"நமக்குக் கொறையாது அண்ணாச்சி. அவியளுக்குத்தான் கொறையுது."

எங்களோடு ஆடுகிற பூங்கொடி நடுவராக நின்றாள். நான் முதல் வளையத்தையே இடது ஓரத்துக்கு வீசினேன். அக்கா தவற விட்டாள். கொட்டகையில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அக்கா முகத்தில் மட்டும் பழைய கோபம் ஏறியது. அப்புறம் ஆடினாள் பாருங்கள்! வலைக்குப் பக்கத்தில் சொட்டு சொட்டாகப் போட்டு என்னை ஓட விட்டாள். எனக்கு மூச்சு வாங்கியது. விடக் கூடாது என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன்.

கடைசியில் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் எனக்கு. அதே இடது ஓரம். அக்கா பாய்ந்தாள், விரலில் தட்டாமல் வளையம் கீழே விழுந்தது.

"வெளிய!" என்று விசில் ஊதினாள் பூங்கொடி. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அதற்குள் அக்கா குனிந்துவிட்டாள். அவள் போட்ட செம்மண்ணில், சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே, அரை வட்டமாக வளையத்தின் தடம் பளிச்சென்று இருந்தது.

"ஏட்டி பூங்கொடி, இங்கன வந்து பாரு. இது என்னது?"

பூங்கொடி வந்து குனிந்து பார்த்து ஏதோ முணுமுணுத்தாள்.

"சத்தமாச் சொல்லு."

"உள்ளதான்க்கா" என்றாள் பூங்கொடி.

"அப்ப ஆரு தோத்தா?"

"நீங்கதான்க்கா."

சுடிதாரில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் அக்கா குழாயடிக்கு நடந்தாள். காசிராஜன் முந்திக்கொண்டு ஓடி வாளியைப் பிடித்தார். "அம்மா, நீங்க போய் இருங்க. நாங்க பாத்துக்கிடுதோம்."

"கைய எடுங்க அண்ணாச்சி. தோத்தது நான்."

அவர் கையை எடுத்துவிட்டார்.

எனக்குக் கால் கடுத்தது. காலியாகக் கிடந்த குஷன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அக்கா வாளியும் கையுமாகத் தெளித்துக்கொண்டே வந்தாள். "தெக்கு மூலை காஞ்சு கெடக்கு பாருங்கக்கா" என்றேன். முறைத்தாள், திரும்பிப் போய்த் தெளித்தாள். பிறகு நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"காலத் தூக்குட்டி" என்றாள். "அங்கனயும் தெளிக்கணும்."