ஒற்றைப்படை அவருக்கு, இரட்டைப்படை தம்பிக்கு

"நான் சொல்லலைங்க" என்று தலைதலையாக அடித்துக்கொண்டும் என் கணவர் நம்பத் தயாராக இல்லை.

அவரும் என் தம்பியும் கால்நடை மருத்துவர்கள். ஒரே கிளினிக்கைச் சேர்ந்து நடத்துகிறார்கள். வாசல் பலகையில் மட்டும் அவர் பெயர் தனியாக இருக்கும். மயக்க மருந்து அலமாரியை யாரும் தனியாகத் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பூட்டில் எட்டுப் பொத்தான்கள். அழுத்தினால் ஒன்று, விட்டுவிட்டால் பூஜ்யம்.

அவருக்கு எண் பைத்தியம் உண்டு. எந்த எண்ணையும் ஒன்றும் பூஜ்யமுமாக எழுதுவார். ஒற்றைப்படை இடங்களில் இருப்பதை ஒரு எண்ணாக்குவார், இரட்டைப்படை இடங்களில் இருப்பதை இன்னொரு எண்ணாக்குவார். அப்படிப் பிரித்தால் என்னென்ன வரிசை கிடைக்கிறது என்று சோறு ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அதே பைத்தியம்தான் பூட்டுக்கும் வந்தது. ஒற்றைப்படைப் பொத்தான்கள் அவருக்கு, இரட்டைப்படை தம்பிக்கு. எண்ணைத் தேர்ந்தெடுத்து ஆளுக்குப் பாதியைக் காதில் சொன்னவள் நான். எப்படிப் பிரித்தாய் என்று இருவரும் கேட்டதில்லை.

நேற்று அவர் வெளியூரில் இருந்தபோது, வலிப்பு வந்த ஒரு நாயைத் தூக்கி வந்திருக்கிறார்கள். தம்பி அலமாரியைத் தனியாகத் திறந்து ஊசி போட்டிருக்கிறான். நாய் பிழைத்தது. என் நிம்மதி போனது.

"தப்பா அழுத்தினா ஊரைக் கூட்டுற பூட்டு அது. நேத்து ஒரு தடவைகூடக் கத்தலையாம். அப்போ என் பாதியை அவனுக்கு யார் சொன்னது?"

"எனக்கென்ன தெரியும்?"

"கூடப் பிறந்தவனாச்சே."

அந்த ஒரு வார்த்தை சுட்டது. ஆனால் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இவர் அழுத்தும்போது தம்பி எட்டிப் பார்த்திருப்பானோ? காலையில் போனில் கேட்டபோது "நேர்ல பேசிக்கலாம்கா" என்று மழுப்பினானே?

நாங்கள் இருவரும் கிளினிக்கில் நுழைந்ததும் இவர் எடுத்த எடுப்பிலேயே, "இனிமே நாம சேர்ந்து நடத்துறது சரிப்படாது மாப்ள" என்றார்.

தம்பி கைகழுவிக்கொண்டிருந்தான். குழாயை மூடிவிட்டுத் திரும்பினான்.

"யாரும் சொல்லலை மாமா. என் பாதியை அப்படியே உங்க பொத்தான்லயும் அழுத்தினேன். பிரிச்சது அக்காவாச்சே! சின்ன வயசுல ஒரு பென்சிலை உடைச்சாக்கூட ஸ்கேல் வெச்சு அளந்துதான் குடுப்பா. ஆளுக்கொரு மாதிரி குடுக்க அவளுக்கு வராது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உண்மைதான், அப்படித்தான் பிரித்திருந்தேன்.

இவர் உதடு முணுமுணுத்தது. "பூஜ்யம், மூணு, பன்னெண்டு, பதினஞ்சு, நாப்பத்தெட்டு..." இரண்டு பாதியும் ஒரே மாதிரி வரும் எண்களின் வரிசை. போன மாதம் முழுக்க அதைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்.

"இருநூத்தி ஏழு" என்றார். "என் பாதி பதினொண்ணு, அவன் பாதியும் அதே பதினொண்ணு."

தலையாட்டினேன்.

"எனக்கு ஏன் இது தோணவே இல்லை?"

"அவனுக்கும் உங்களுக்கும் சமபங்கு இருக்கும்னு நீங்க என்னிக்காவது நினைச்சிருக்கீங்களா?"

அவர் என் தம்பியைப் பார்க்க முடியாமல் வாசல் பக்கம் திரும்பினார். அங்கே பலகைதான் இருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். 'கூடப் பிறந்தவனாச்சே' என்றதற்கு அவர் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை.