வேலுத்தாயின் முதல் மாத்திரை

1

இந்தக் கதை ஒரு மருத்துவப் புத்தகத்தின் அடிக்குறிப்பில் பிறந்தது. ரத்தக்கொதிப்புக்குத் தரும் பிரசோசின் என்ற மருந்து, முதல் வேளையில் சிலரை மயங்கி விழச் செய்யும் என்றது அது. விழுந்தது யார், பிறகு என்ன ஆனார் என்று சொல்லவில்லை. அதை எழுத உட்கார்ந்தேன்.

"குரங்கணிக்கு மேலே பனி இறங்கிய..." (வேண்டாம். பனியில் தொடங்கினால் வேலுத்தாய் வந்து சேர நேரமாகும்.)

2

1983-இல் வேலுத்தாய் குரங்கணிக்கு மேலே மலையில் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் அமாவாசைக்குக் கொதிப்பு முற்றி ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. அந்தப் பயத்தில் மலையடிவாரத்துப் போடிக்குப் போய், அழுத்தம் பார்க்கச் சொல்லி டாக்டர் காசிராஜனிடம் கையை நீட்டினாள். அவளுக்கும் கொதிப்பு இருந்தது. ராத்திரி படுக்கும்போது போடச் சொல்லி மாத்திரை கொடுத்தார். அசதியில் மறந்து தூங்கியவள், காலையில் நினைவு வந்து விழுங்கிவிட்டு, தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பில் ஏறினாள்.

ஏலச்செடியின் தூரில், மண்ணை ஒட்டித்தான் காய் இருக்கும். குத்தவைத்துப் பறித்தவள் சட்டென்று எழுந்தாள். கண் இருட்டியது. சரிவில் உருண்டு...

[இல்லை. அவளைப் பள்ளத்தில் தள்ள எனக்கு மனம் வரவில்லை.]

...செடிமேலேயே சாய்ந்தாள். பக்கத்தில் இருந்த மொக்கம்மாள் தரையில் படுக்கவைக்க, கொஞ்சநேரத்தில் விழித்தாள்.

3

புருசன் சுருளி மாத்திரையைத் தூக்கியெறியச் சொன்னான். அவளுக்கும் பயம்தான். ஆனால் அன்று அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டுகையில், வாயோரம் வழிந்ததைத் துடைத்தபடி வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தாள். மறுநாள் போடிக்குப் போனாள்.

முதல் பிரதியில் டாக்டர் அவளைத் திட்டினார். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். பயந்து ஓடாமல் திரும்பி வந்தவளை அவர் ஏன் திட்டவேண்டும்? படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை அழுத்தம் பார்த்தார்.

"இறுகிக் கெடக்குற ரத்தக்குழாய இந்த மருந்து தளத்தி விடுது ஆத்தா. எந்திரிச்சா ரத்தம் காலுக்கு எறங்கிருது. மொத மாத்திரைக்குத்தான் ஒடம்பு தடுமாறும். பெறகு பழகிரும்."

"திரும்ப விழுந்தா என்னய்யா செய்ய?"

"பாதியில ஆரம்பிப்போம். போட்டுட்டுப் படுத்துக்க. காலையில மொதல்ல உக்காரு, பெறகு மெள்ள எந்திரி."

4

விடிந்துவிட்டது. ராத்திரி போட்ட பாதி மாத்திரை உள்ளே இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டிருக்கிறாள் வேலுத்தாய். எதிரே சுருளி, பிடித்துக்கொள்ளத் தயாராக.

ஒரு முடிவில் அவள் எழுந்து நடக்கிறாள். இன்னொன்றில் லேசாகக் கிறுகிறுத்து மறுபடி உட்கார்கிறாள், பிறகு எழுகிறாள். எதை வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஜீப்பு ஊதுகிறது.

"ஜீப்புக்காரர நிக்கச் சொல்லுங்க," என்கிறாள் சுருளியிடம். "நான் மெள்ளத்தான் வருவேன்."

பாதங்களைத் தரையில் ஊன்றிவிட்டாள். நான் இங்கே பேனாவை மூடுகிறேன். நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.