வெற்றியின் இடது கை

என் அண்ணன் வெற்றியைப் போல ரிமோட் பிடிக்க ஆள் கிடையாது. தங்கச்சி வேறு எப்படிச் சொல்வாள் என்பீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள். படகு இன்ஜின் மெக்கானிக்கான அவனை, 2008-ல் மீஞ்சூர் தாண்டியிருந்த மாடல் விமான கிளப்பில் இன்ஜின் பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். கைராசியைப் பார்த்துவிட்டு ரிமோட்டையே கொடுத்துவிட்டார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் அந்தக் குட்டி ஜெட்டை வானத்தில் அவன் ஆட்டுகிற ஆட்டத்துக்கு, காரில் வந்தவர்களெல்லாம் வாய் பிளந்து நிற்பார்கள்.

இறக்கும்போதுதான் மானம் போகும். தரையைத் தொட்டதும் ஜெட் தவளை மாதிரி எம்பிக் குதிக்கும். சக்கரம்கூட ஒடிந்திருக்கிறது. "இன்னைக்கும் குதிச்சா ஞாயித்துக்கிழமை ஷோவுக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று செயலாளர் சண்முகவேல் சொல்லிவிட்டார்.

ஜெட்டுக்குள் ஒரு சின்னப் பெட்டி உண்டு. வேகம், உயரம், ரிமோட்டில் அண்ணன் செய்வது என்று எல்லாவற்றையும் அது என் லேப்டாப்புக்கு அனுப்பும். கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் நான்தான் அதைப் படிக்கிறவள். பழைய பதிவுகளைத் திறந்தேன். தரை நெருங்கும்போதெல்லாம் இன்ஜின் கோடு விருட்டென்று ஏறியிருந்தது.

"அண்ணா, கடைசில எதுக்கு வேகம் குடுக்குற?"

"யாரு, நானா? இன்னாம்மே அம்மு, பேஜாரு பண்ற? கொறச்சிக்கினுதானே வர்றேன்!"

"நீ கொறைக்கிற, உன் கை குடுக்குது. இத்தப் பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எண்ணூரில் அப்பாவின் ஃபைபர் படகைக் கரையேற்றுகிறவன் இவன்தானே! மணல் நெருங்கியதும் அலையோடு சேர்த்து இன்ஜினை ஒரே முறுக்கு முறுக்கினால்தான் படகு மேலே ஏறும். தவறினால் பின்னால் வரும் அலை கவிழ்த்துவிடும். படகிலும் ரிமோட்டிலும் வேகம் கொடுப்பது அவன் இடது கைதான்; ஓடுதளத்தைக் கண்டதும் அது அதையே செய்திருக்கிறது. ஜெட் இன்ஜினோ கொடுத்த வேகத்தை உடனே காட்டாது. சக்கரம் தொட்ட பிறகுதான் தள்ளும். குதிக்காமல் என்ன செய்யும்?

சொன்னதும் அண்ணன் தன் இடது கையை முறைத்துப் பார்த்தான்.

மாலையில் ஜெட் இறங்கி வந்தது. பின்னால் நின்று கத்தினேன். "அண்ணா, அலை இல்ல! அலை இல்ல!" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவன் கட்டைவிரல் துடித்தது, ஆனால் ஏறவில்லை. ஜெட் தரையைத் தொட்டு, ஓடி, நின்றது.

"ஏதோ லக்கு" என்றார் சண்முகவேல்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "லக்கா? அண்ணா, இன்னொரு வாட்டி ஏத்தி எறக்கு. சார் நல்லா பாக்கட்டும்."

மண்ணெண்ணெய் ஊற்றி மறுபடியும் ஏற்றினான். மறுபடியும் இறக்கினான். பூப்போல வந்து உட்கார்ந்தது. பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த முறை நான் வாயையே திறக்கவில்லை.