சட்டக் கல்லூரி வந்த காரணம்

மாடியின் கிழக்கு அறையில் மருத்துவ வகுப்பு குடிவந்த முதல் மாதத்திலிருந்தே, கடைவீதியின் அந்த மூன்று மாடிக் கட்டடம் காலை பத்தரை மணிக்குக் கிழக்கே ஒரு விரற்கடை சாய்ந்து, பன்னிரண்டுக்கு நிமிர்ந்துகொண்டது. தெருவில் போனவர்கள் கவனிக்கவில்லை. கீழ்த்தளத்தில் கடிகாரக் கடை வைத்திருந்த கட்டடச் சொந்தக்காரர்தான் கண்டுபிடித்தார். ஊசல் கடிகாரம் நேராகத் தொங்கினால்தான் டிக்குக்கும் டக்குக்கும் ஒரே இடைவெளி இருக்கும். சாய்ந்தால் நொண்டும், நொண்டினால் சற்று நேரத்தில் நின்றுவிடும். அவர் கடையில் முப்பத்தாறு கடிகாரங்கள் தினமும் நின்றன. ஆணிகளை மாற்றினார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார். கொத்தனார் வந்து அஸ்திவாரத்தில் குறையில்லை என்றார். மாணவர்கள் பதினொரு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தால் கட்டடம் நேராகவே நின்றது. பாடம் புரியப் புரியத்தான் சாய்ந்தது. நரம்பு மண்டலம் நடந்த வாரம் ஒன்றரை விரற்கடை.

"நீங்க நல்லாப் பாடம் நடத்துறீங்க டாக்டர், அதான் பிரச்சனை. மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்குங்க."

"எலும்புக்கூட்டோட வர்றவனுக்கு யாருங்க இடம் குடுப்பா?"

அது டாக்டருக்கு மூன்றாவது இடம். பல்கலைக்கழகம் என்று அப்போது இருந்ததெல்லாம் ஒரு ரப்பர் முத்திரையும் இந்த வகுப்பும்தான். வகுப்பு போனால் முத்திரைக்கு வேலையில்லை.

கடைக்காரரின் மைத்துனர் வக்கீல். கட்சிக்காரர் இல்லாத வக்கீல். மாடியின் மேற்கு அறையில் இரண்டு வருடமாகப் படுத்திருந்தார். ஒரு வியாழக்கிழமை பத்தரைக்கு, கோர்ட்டுக்குப் போகிற உத்தேசம் உண்டா என்று கேட்க அவருடைய தங்கை, கடைக்காரரின் மனைவி, மேலே போனார். பதிலுக்கு அண்ணன் சொத்துரிமைச் சட்டம் முழுவதையும் விளக்கினார். அன்று முப்பத்தாறில் இரண்டு கடிகாரங்கள் நிற்கவில்லை.

"மேற்குப் பக்கம் ஒரு பாரம் வேணும், அவ்வளவுதாங்க," என்றார் தங்கை, கீழே வந்து. "எங்கண்ணனப் பாடம் நடத்தச் சொல்லுங்க."

"உங்கண்ணன் பேசுறத யாரு உக்காந்து கேப்பா?" என்றார் கணவர்.

"நான் கேட்டேன்ல. எனக்கே புரிஞ்சுது."

சட்டக் கல்லூரி அடுத்த வாரமே தொடங்கியது. சட்டம் எடை குறைவு என்பதால் பதினொரு மருத்துவ மாணவர்களுக்குப் பத்தொன்பது சட்ட மாணவர்கள் தேவைப்பட்டார்கள். பதினெட்டுப் பேர்தான் கிடைத்ததால் தங்கையும் சேர்ந்துகொண்டார். ஆறு வருடம் கழித்து மருத்துவத்தில் நாற்பது பேர் ஆனபோது சட்டத்தில் அறுபத்தொன்பது பேர் இருந்தார்கள். பிறகு வந்த பொறியியலை நடுத்தூணுக்கு நேர் மேலே வைத்தார்கள். இரு பக்கத்துக்கும் ஒரே மணி அடிக்க வேண்டும். டாக்டர் விடுப்பு எடுத்தால் வக்கீலும் எடுக்க வேண்டும்.