ஐந்து ரூபாக்காரன்

சாலிஹை எங்கள் பக்கத்தில் ஐந்து ரூபாக்காரன் என்றுதான் சொல்வார்கள். கல்லோயா அணை வேலைக்கு லொறி ஓட்டப் போன இடத்தில் வெள்ளைக்கார எஞ்சினியர்மாரிடம் போக்கர் என்ற கடதாசிச் சீட்டாட்டம் பழகிக்கொண்டு வந்து, சாய்ந்தமருதுக் கடற்கரை மீன் வாடிக் கொட்டிலில் அதைப் பரப்பிய புண்ணியவான் அவன்தான். பள்ளிவாசலுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள். ஆனாலும் பின்னேரமானால் வாடிக்குள் பாய் விரிந்துவிடும்.

பாயில் வைத்த காசுக்கு மட்டும்தான் ஆட்டம். மடியில் இருப்பது கணக்கில் இல்லை. சாலிஹ் வைப்பது ஐந்தே ரூபா. சோடிகளில் பெரிய சோடியான இரண்டு ஆஸ் வந்தால் அந்த ஐந்தையும் ஒரேயடியாக நடுப்பாய்க்குத் தள்ளிவிடுவான். ஐந்து ரூபாவுக்காக யார் மல்லுக்கட்டுவது? மற்றவர்கள் கடதாசியைக் கீழே போட்டு விலகிவிடுவார்கள், இல்லையென்றால் சின்னச் சோடியோடு வந்து தோற்பார்கள்.

"ரெண்டு ஆஸ் என்னக் கைவிட்டதே இல்ல" என்று பீற்றிக்கொள்வான். அவனைக் காப்பாற்றியது அந்தச் சின்னக் காசுதான் என்பது அந்த மண்டையில் ஏறவே இல்லை.

உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பிறகு தங்கச்சி சுஹறா அவன் பொறுப்பு. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை. நிந்தவூரில் மாப்பிள்ளை பேசியாயிற்று, சுவரும் எழும்பிவிட்டது. கூரை மட்டும் பாக்கி, மாரி மழைக்கு முன் போட்டாக வேண்டும். அதற்குச் சேர்த்த அறுநூறு ரூபா சாலிஹின் அகலப் பெல்ட்டுக்குள் இருந்தது. வேலையால் வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைச் சுஹறாவிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஐந்து ரூபாவை மட்டும் எடுத்துக்கொண்டு வாடிக்குப் போவான்.

அன்றைக்கு மரம் வாங்க அக்கரைப்பற்றுக்குப் போனான். மரக்கடைக்காரர் வீட்டில் யாரோ இறந்து மையத்து; கடை பூட்டு. திரும்பி வந்தவன் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். பாவி, பெல்ட்டோடு வாடிக்குள் நுழைந்தான்.

முதல் கையிலேயே இரண்டு ஆஸ். ஐந்து ரூபாவுக்கு இத்தனை நாள் வென்ற கை, அறுநூறுக்கு வெல்லாதா? ஓட்டுக் கூரை போட்டு, முன்னால் விறாந்தையும் இறக்கலாம் என்று மனம் பறந்தது. பெல்ட்டைக் கழற்றி, அறுநூறு என்று சொல்லிப் பாயில் வைத்துவிட்டு, அதிலிருந்து இருபது ரூபா போட்டான்.

நெல் வியாபாரி ஸைனுலாப்தீனுக்கு முன்னால் காசு எப்போதும் குவிந்திருக்கும். அவர் பெல்ட்டைப் பார்த்தார், தன் கடதாசியைப் பார்த்தார், தானும் இருபது போட்டு, உதவாத கடதாசி ஒன்றை மட்டும் மாற்றினார். சாலிஹ் மாற்றிய மூன்றில் ஒரு ஒன்பது சோடி வந்தது. அவன் காசை ஏற்றினான், அவரும் ஏற்றினார். கடைசியில் பெல்ட்டில் இருந்தது முழுவதும் நடுப்பாய்க்குப் போய்விட்டது.

அவர் விரித்தார். ஐந்தும் கலாவரை. ஒரே சாதியில் ஐந்து வந்தால் இரண்டு சோடி எந்த மூலைக்கு?

"தம்பி, ஒண்ட அஞ்சு ரூபாக்கெண்டா நான் இந்தக் கைய எறிஞ்சிருப்பன்" என்றார் ஸைனுலாப்தீன். "நாலு கலாவரைய வெச்சிக்கிட்டு அஞ்சாவதுக்குக் காத்திருக்க அது காணாது. அறுநூறு கிடந்ததாலதான் காத்திருந்தன். நீ காசக் கூட்டினாய், ஒண்ட ஆஸ் சிறுத்துப் போச்சி."

வீட்டில் சுஹறா வழக்கம்போல் கையை நீட்டினாள். பெல்ட்டைக் கொடுத்தான். கையில் வாங்கியதுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"மரம் வாங்கினீங்களா காக்கா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"வாடியில விட்டுட்டன்" என்றான்.

"வாடிக்குப் போறது எனக்குத் தெரியாதா? அஞ்சு ரூபாவோடதானே எண்டு பேசாம இரிந்தன். இண்டைக்கு மட்டும் ஏன் காக்கா இத என்னட்டத் தராம அங்க போனீங்க?"

அந்த மாரிக்குக் கூரையில்லாத சுவர் கரைந்து விழுந்தது. நிந்தவூர்க்காரர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சாலிஹ் அதற்குப் பிறகு கடதாசியைத் தொடவில்லை. தொடாமல் இருந்து என்ன? வேலைக் காசு கிடைத்த நாளில் வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் கழற்றித் தங்கச்சியிடம் நீட்டுவான்.

"அங்க வைங்க காக்கா" என்பாள் சுஹறா. கையில் வாங்கமாட்டாள்.