காப்பு அவிழும் வரை

"சத்தம் போட்டு அழுதுடாத புள்ள. சாமி தேருல ஏறியாச்சு."

"எங்கப்பா செத்துக் கெடக்குறாருங்க, கங்காணி ஐயா."

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

சின்னராசா கங்காணி, தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவர்கள் அறையின் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். மணிக்கட்டில் திருவிழாவுக்குக் கட்டிய மஞ்சள் காப்பு. கீழே சாக்குப் படுக்கையில் மாரிசாமி கிடந்தார். சற்று முன்புவரை கோயில் முற்றத்தில் பிள்ளைகளின் குடைராட்டினத்தைத் தள்ளிக்கொண்டிருந்த மனுசன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தவர்தான். தலைமாட்டில் அவர் மனைவி அங்கம்மா முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். கங்காணி சொல்வதற்கு முன்னாலேயே திணித்துவிட்டாள். அதைத்தான் மகள் ரெங்கம்மாவுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"தோட்டத்துல சாவு விழுந்துச்சுன்னா தேர் நகராது. பாணு ரொட்டிக்கு வரிசையில நிக்கிற வருசத்துல, வயித்தக் கட்டி நடத்துற திருவிழா. சனம் ஒங்கப்பனத்தான் திட்டும். ஆம்பளைக அம்புட்டுப் பேரும் காப்புக் கட்டியிருக்கானுக. காப்போட எவனும் பொணத்தத் தொடமாட்டான். யாரு தூக்குவா? நீயும் ஒங்காத்தாளுமா?"

ரெங்கம்மா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தேர் நெலைக்கு வரட்டும். காப்ப அவுத்துட்டு நானே தோள் குடுக்குறேன். தப்பு மேளத்தோட, பாடையோட போவாரு. அதுவரைக்கும் நீ போயி ராட்டினத்தத் தள்ளு. அது நின்னுச்சுன்னா மாரிசாமி எங்கன்னு கேப்பானுக."

"நானா?"

"கேட்டா காய்ச்சல்னு சொல்லு. மூஞ்சியக் கழுவிக்க. பொட்டு வச்சுக்க."

வைத்துக்கொண்டாள்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கோயில் முற்றத்தில் ராட்டினத்தின் நான்கு மரக்குதிரைகளும் அசையாமல் நின்றன. பதுளையிலிருந்து ராட்டினத்தை லொறியில் ஏற்றி வந்த, எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் வாஹித் அவளைக் கண்டதும் கத்தினார்.

"எங்க புள்ள ஒங்கப்பா? இங்க புள்ளைகள் அழுதுகள்!"

"காய்ச்சல், நானா."

"நல்ல நாள் பாத்துத்தான் வரும் அந்தாளுக்குக் காய்ச்சல். படுக்குறதுக்கு ஒரு சாட்டு! சரி, நீ தள்ளு. மெல்லமா. ஒங்கப்பன் தள்ளினா குதிரையில இருக்கிற புள்ள தூங்கிப்போகும்."

ராட்டினத்தைச் சுற்றி ஈர மண்ணில் வட்டமாக ஒரு தடம் குழிந்திருந்தது. அதில் அப்பாவின் பாதங்கள் விரல் விரலாகப் பதிந்திருந்தன. பெருவிரல் விலகிய அந்த வலது பாதம். மிதிக்காமல் தள்ள வழியில்லை. முதல் சுற்றில் தாண்டித் தாண்டி நடந்து பார்த்தாள். ராட்டினம் குலுங்கியது. ஒரு பிள்ளை வீறிட்டது.

"மெல்ல, மெல்ல!" என்றார் வாஹித்.

அடுத்த சுற்றில் மிதித்தாள். அதற்கடுத்த சுற்றில் தடமெல்லாம் அவளுடையதாக இருந்தது.

தேர் அசைந்தது. வடத்தின் முன்னால் நின்று கங்காணிதான் எல்லோரையும்விட உரக்க அரோகரா சொன்னார். தேருக்குப் பின்னால் போன கொழுந்து பறிக்கும் பெண்கள் அவளைப் பார்த்துவிட்டார்கள்.

"அடியே, கொமரிய வேலைக்கு விட்டுட்டு ஒங்கப்பன் சொகமாப் படுத்துக்கிட்டாரா?"

"குடுத்துவச்ச மனுசன்டி!"

சிரித்தார்கள். ரெங்கம்மாவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் நின்று கேட்பார்கள்.

தேர் சரிவில் இறங்கி அவர்கள் லயத்துப் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு வாசலிலும் நின்று தேங்காய்த் தட்டு வாங்கிப் போகிற வழக்கம். மேட்டிலிருந்து பார்க்கத் தெரிந்தது. அவர்கள் கதவு திறந்தது. அங்கம்மா தட்டோடு வெளியே வந்தாள். வாயில் துணி இல்லை. கதவை ஒரு கையால் பின்னுக்குச் சாத்தினாள். கங்காணியே தட்டை வாங்கிப் பூசாரியிடம் நீட்டினார். சூடம் எரிந்தது. அங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள்.

ரெங்கம்மாவின் கை தன்னையறியாமல் ராட்டினத்தின் கம்பியை வேகமாகத் தள்ளியது. குதிரைகள் வேகமெடுத்தன.

வெள்ளைக் குதிரையில் கங்காணியின் பேத்தி தவமணி இருந்தாள். குதிரையின் கழுத்தை இரு கையாலும் கட்டிக்கொண்டு ரெங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க தள்ளுனா தல சுத்துது. மாரிசாமித் தாத்தாவ வரச் சொல்லுங்க."